வலியும் வலிப்பும்

அப்புத்தளைக் கணவாயின் காற்றை அறியாதார் ஊவா மலைநாட்டில் இலர். அக்காற்றிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையோடு கன்னத்தையும் துணியால் மூடிக்கொள்வது குளிருக்காகவே. ஆயினும் ஒரு சிலருக்குக் குளிரினும் கொடியது ஒன்றுண்டு. காற்றுக் கன்னத்திற் பட்டதும் மின்னல் வெட்டினாற்போல முகத்தின் ஒரு பாதியில் வலி பாயும், சில விநாடிகளில் மறையும், மறுபடியும் வரும். சோற்றை மென்றாலும், பல் துலக்கினாலும், வாய் திறந்து பேசினாலும் அதே கதிதான். பல்வலியென்று எண்ணி நல்ல பற்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உலகெங்கும் உளர். குற்றம் பல்லில் இல்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பிலேயே இருக்கிறது.

இந்நோய்க்கு வைத்தியர்கள் முதலில் எழுதித் தரும் மருந்து கார்பமாசபின். இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. ‘இது வலிப்புக்காரருக்குக் கொடுக்கும் மாத்திரையல்லவா?’ என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிட்டாற் போதும். மாத்திரை குப்பைக்குப் போய்விடும். வீட்டில் மணமாகாத பெண் இருந்தாலோ கேட்கவே வேண்டாம். லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேளாமலிருப்பது எங்ஙனம்? பழிச்சொல்லுக்கு அஞ்சி வலியைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார் இதனை வாசிக்கக்கூடும் என்பதனாலேயே இவ்வாரம் இதைப்பற்றி எழுத முற்பட்டோம்.

வலி, வலிப்பு என்னும் சொற்கள் இரண்டும் ஒரே வேரிற் பிறந்தவை. காக்கை வலிப்பைக் ‘காக்கை வலி’ என்றே சொல்வாரும் உண்டு. நம் முன்னோர் நரம்பியல் அறிந்து இப்பெயரை இட்டனர் என்று பெருமை பேச நாம் வரவில்லை. ஆனால் பிரெஞ்சு தேசத்து வைத்தியர் துரூசோ என்பவர் 1853ஆம் ஆண்டிலேயே இந்த முகவலியை வலிப்புக்கு ஒப்பான நரம்புவலி என்று குறித்தார். இரண்டும் திடீரெனத் தோன்றித் திடீரென மறைவதை அவர் கண்டார். அவரது ஊகம் மருந்தாக உருப்பெற ஒரு நூற்றாண்டு சென்றது.

வலிப்புக்கு முதலிற் பயன்பட்டது 1857இல் லண்டன் வைத்தியர் லோகொக் எடுத்துரைத்த புரோமைட்டு உப்பு. 1912இல் ஜெர்மனியில் ஹௌப்ட்மன் என்பவர், தூக்கத்துக்கென வந்த பீனோபார்பிட்டோன் வலிப்பையும் அடக்குவதைக் கண்டார். அது மிக மலிவானது, இன்றும் பயன்படுகிறது. 1938இல் அமெரிக்காவில் மெரிட், பட்னம் இருவரும் பெனிடோயினைத் தந்தனர். பின்னர் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், கெய்கி கம்பெனியின் இரசாயன அறிஞர் ஷின்ட்லர் 1953இல் கார்பமாசபினை ஆக்கினார். 1962இல் சுவீடன் வைத்தியர் புளோம் அதனை முகநரம்பு வலிக்குக் கொடுத்துக் கண்ட பயனை ‘லான்செட்’ ஏட்டில் வெளியிட்டார். அமெரிக்க அரசாங்கம் இம்மருந்தை முகவலிக்கென்று அனுமதித்தது 1968இல்; வலிப்புக்கென்று அனுமதித்தது 1974இல். அந்நாட்டுக் கணக்கின்படி இது முதலில் வலி மாத்திரை. ஆறாண்டு கழித்தே வலிப்பு மாத்திரையாயிற்று. வெட்கப்பட்டு மருந்தை எறிபவரிடம் இதனை எடுத்துச் சொல்லலாம்.

ஒரே மருந்து இரண்டிடத்தும் வேலை செய்வது எப்படி? நரம்பணுவின் சுவரிலே சோடியம் நுழைவதற்கென்று நுண்ணிய வாயில்கள் உள்ளன. ஒவ்வொரு முறை வாயில் திறக்கும்போதும் ஒரு செய்தி ஓடுகிறது. நோயுற்ற நரம்பிலோ வாயில்கள் ஓயாமல் திறந்து மூடிச் செய்திகள் சந்தைக் கூட்டம்போல நெருக்கியடித்துப் பாய்கின்றன. மூளையில் அது நேர்ந்தால் வலிப்பு. முகநரம்பில் நேர்ந்தால் வலி. கார்பமாசபின், மூடிய வாயிலைச் சற்று நேரம் கூடுதலாக மூடியே வைத்திருக்கும். சாதாரணப் போக்குவரத்துக்கு அதனால் பெருந்தடையில்லை. முண்டியடிக்கும் கூட்டம் மட்டும் நின்றுபோகும்.

மெல்லும்போது முகவலி எழுவதைச் சொன்னோம். உண்ணும்போதே வலிப்பு வருகின்றவர்களும் உண்டு என்றால் வாசகர்கள் வியப்படைவர். அது நம் இலங்கையில் ஆராயப்பட்ட விஷயம். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிமால் சேனாநாயக்க 1990களின் முற்பகுதியில் இத்தகையோரைப்பற்றி எழுதிய கட்டுரைகளை உலகத்து நரம்பியல் வைத்தியர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவர். சோற்றுத் தட்டின்முன் ஒரு பிள்ளை விழுந்தால், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப்போடுவதோடு நில்லாமல் வைத்தியரிடமும் சொல்லவேண்டும்.

கார்பமாசபினுக்குப் பின்வந்தவற்றுள் கபபென்டின் ஒன்று. 1993இல் வலிப்பு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2002இல் அக்கி ஆறிய பின்னும் விடாது எரியும் வலிக்கும் அனுமதி பெற்றது. அக்கி எழுதுவித்துக் கொப்புளம் மறைந்த பிறகும் சட்டை பட்டாலே துடிக்கும் முதியோரை நாம் அறிவோம். நீரிழிவினால் பாதம் எரிவோருக்கு அதன் தங்கையான பிரிகபலின் கொடுக்கப்படுகிறது. எனினும் எல்லா வலிக்கும் இவை மருந்தாகா. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்குப் பிரிகபலின் உதவுமா என்று அவுஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். வெறும் மாவு மாத்திரையைவிட அது மேலானதாகக் காணப்படவில்லை, தலைச்சுற்றுத்தான் மிகுந்தது. கூடை சுமந்து இடுப்பு நொந்தவர் அடுத்த வீட்டாரின் மாத்திரையைக் கடன் வாங்கி விழுங்குவது வீண் செலவும் ஆபத்துமாகும்.

கார்பமாசபினுக்கும் ஒரு தீக்குணம் உண்டு. தொடங்கிய முதற் சில வாரங்களில் தோலில் தடிப்போ, வாயிற் புண்ணோ, காய்ச்சலோ கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். அரிதாகத் தோலே உரியும் கொடிய நோயாக அது முற்றும். ஆசிய மக்கள் சிலரிடம் காணப்படும் ஒரு மரபணு இதற்குக் காரணமாகிறதென்பதைத் தாய்வான் ஆராய்ச்சியாளர் 2004இல் கண்டறிந்தனர். வல்புரோயேட் என்னும் மருந்தோ கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு செய்வது. அதனை உண்ணும் இளம்பெண்கள் திருமணத்துக்கு முன்னரே வைத்தியரைக் கலந்துகொள்ளவேண்டும். தாமாகவே நிறுத்திவிடலாகாது.

நிறுத்துவதைப்பற்றி அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆறு மாதம் வலிப்பு வரவில்லை, இனி எதற்கு மாத்திரை என்று சட்டென விட்டவர்களுக்கே ஓயாத வலிப்பு வந்து உயிருக்கு உலை வைக்கிறது. குறைந்தது இரண்டாண்டு வலிப்பின்றிக் கழிந்த பின்னரே, அதுவும் சிறிது சிறிதாக, வைத்தியர் குறைப்பார். ஒழுங்காக மருந்துண்டால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழலாமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கோடாங்கியை அழைப்பவர் அழைக்கட்டும். உடுக்கொலிக்கு நடுவிலும் மாத்திரை தவறலாகாது. விழுந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் இடாமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தால் வைத்தியசாலை.

மழைக்காலத்தில் மலையகத்துப் பாதைகள் நம் சொற்படி கேட்பதில்லை. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை எவரும் மறந்திரார். பாதை அடைபட்டால் பதுளைக்கோ தியத்தலாவைக்கோ கிளினிக்குப் போதல் இயலாது. ஆதலால் ஐப்பசி பிறக்குமுன்னரே, கூடுதலாக இரண்டு வாரத்துக்குரிய மாத்திரையைக் கேட்டு வாங்கி, ஈரம் படாத டப்பாவில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துக்கொள்வது நலம்.