சக்கரம் பெருத்தால் டயர் இளைக்கும்

நம் வீடுகளில் புதிதாக எது வந்தாலும், அதற்கு நகை பூட்டிப் பார்க்கும் ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. மோட்டார் வண்டி மட்டும் இதற்கு விலக்கா? கம்பெனியார் மாட்டிக் கொடுத்த இரும்புச் சக்கரம் நாலு மாதத்தில் சலித்துப் போகிறது. பக்கத்து வீட்டு வண்டியில் பளபளக்கும் பெரிய அலாய் சக்கரம் கண்ணை உறுத்துகிறது. உடனே கடைக்குப் புறப்பட்டு விடுகிறோம்.

இந்த ஆசையை நாம் குற்றம் கூறவில்லை. ஆனால் நகை வாங்குகிறவர் விரலை அளந்து கொண்டுதானே மோதிரம் வாங்குகிறார்? சக்கரத்துக்கும் அவ்வாறே ஓர் அளவு உண்டு. அந்த அளவு டயரின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்து கொள்வது ஒவ்வொரு குடும்பத்தாருக்கும் நன்மை பயக்கும்.

சிறிய கார்கள் பலவற்றில் காணப்படும் 165/80 ஆர் 14 என்ற அளவை எடுத்துக் கொள்வோம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில் சொல்லியது. இரண்டாவது எண், ரிம்முக்கு மேலே டயர் எழும்பி நிற்கும் பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 80 சதவிகிதம் என்று பொருள். ‘ஆர்’ என்பது ரேடியல் டயரைக் குறிக்கும். பிரான்ஸ் தேசத்து மிஷெலின் கம்பெனியார் 1946-ல் காப்புரிமை பதிவு செய்த முறை அது. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, இதுமட்டும் அங்குலம்! மில்லிமீட்டரும் சதவிகிதமும் அங்குலமும் ஒரே வரியில் குடித்தனம் நடத்துவது சற்று விசித்திரந்தான். கூட்டுக் குடும்பங்களைக் கண்ட நமக்கு அது ஆச்சரியமாயிராது.

இனிக் கணக்குக்கு வருவோம். 165-ல் 80 சதவிகிதம் 132 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரு சுவர்கள், ஆக 264. ரிம்மின் 14 அங்குலம் 355.6 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் 619.6 மில்லிமீட்டர். இந்த உயரத்தை மனத்திற்கொண்டே கம்பெனியார் வேகங்காட்டும் கருவியையும், கியர்களையும், பிரேக்கையும் அமைத்திருக்கிறார்கள். ஆகையால் சக்கரத்தை எவ்வளவு மாற்றினாலும் இந்த முழு உயரம் மாறலாகாது என்பதே முதல் விதி. மாறினாலும் 3 சதவிகிதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது பொது வழக்கு.

16 அங்குல ரிம் போட விரும்புகிறவர், ரிம்மில் 2 அங்குலம் கூட்டுகிறார். அந்த 2 அங்குலத்தையும் டயரின் சுவரிலிருந்துதான் கழித்தாக வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று. 132 மில்லிமீட்டர்ச் சுவர் ஏறக்குறைய 107 ஆக வேண்டும். 195/55 ஆர் 16 என்ற டயருக்குச் சுவர் 107.25, முழு உயரம் 620.9. பழைய அளவுக்கும் இதற்கும் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கச்சிதமான பொருத்தம்!

இதற்கு மாறாக, கடையில் கையிருப்பில் உள்ளது என்பதற்காக 185/65 ஆர் 16 டயரை மாட்டினால் உயரம் 646.9 ஆகிவிடும், 4.4 சதவிகிதம் அதிகம். துல்லியமான கருவி 80 கிலோமீட்டர் வேகம் காட்டும்போது வண்டி உண்மையில் 83½ கிலோமீட்டரில் ஓடிக் கொண்டிருக்கும். டயரின் மேற்பாகம் மட்கார்டில் உராயவும் கூடும்.

உயரம் பொருந்தினால் மட்டும் போதுமா? போதாது. ரிம்மின் அகலமும் டயருக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். மேற்சொன்ன 195 டயருக்கு 5½ முதல் 7 அங்குலம் வரை தகும். போல்ட்டுத் துளைகள் ஒத்துவர வேண்டும். சக்கரம் வெளியே பிதுங்காமலும் உள்ளே இடிக்காமலும் அமைய வேண்டும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, ஆட்களை ஏற்றியும் பார்த்த பிறகே பணத்தை எண்ணுவது விவேகம்.

அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் டயர் தாங்கும் பாரத்தைக் குறிப்பது: 85 என்றால் 515 கிலோ, 82 என்றால் 475 கிலோதான். மூன்று எண் குறைந்ததில் நான்கு டயருக்குமாக 160 கிலோ தாங்கும் சக்தி போயிற்று! எழுத்து வேகத்தின் எல்லை: ‘எஸ்’ 180 கிலோமீட்டர், ‘எச்’ 210. இவ்விரண்டும் பழைய டயரில் உள்ளதற்குக் குறையவே கூடாது.

எல்லாம் பொருந்திய பின்பும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது, அதுவே முக்கியமானது. டயரின் சுவருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுத்தான் நம் மெத்தை. சக்கரம் பெருக்கப் பெருக்க அந்த மெத்தை மெலிகிறது. வளைவுகளில் வண்டி உறுதியாகத் திரும்பும் என்பது மெய்யே. ஆனால் நம் தெருப் பள்ளம் ஒன்றில் வேகமாக இறங்கினால், மெல்லிய சுவர் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்குகிறது. உள்ளிழைகள் அறுந்து, சுவரில் கொப்புளம்போல் ஒரு வீக்கம் எழும்புகிறது. அதற்கு ஒட்டு வைத்தியம் கிடையாது. டயரையே மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓடினால், நெடுஞ்சாலையில் குழந்தை குட்டிகளுடன் போகும்போது வெடிக்கலாம். முதுகு வலியுள்ள பெரியவர்கள் பின் ஆசனத்தில் படும் பாடு வேறு.

ஆகவே நாம் கூறும் யோசனை இது: ஓட்டுநர்க் கதவருகில் ஒட்டியுள்ள சீட்டையும் கையேட்டையும் முதலில் பாருங்கள். அதே வண்டியின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியாரே ஒரு பெரிய அளவு கொடுத்திருந்தால், அதுவே உத்தமம். சட்டத்தின் தொல்லையும் இராது. இன்ஷூரன்ஸ்காரரும் முகம் சுளிக்க மாட்டார். இல்லையேல் ஓர் அங்குலத்தோடு ஆசையை நிறுத்திக் கொள்ளுங்கள். சக்கரத்தின் அழகைப் பார்த்து மகிழ்கிறவர்கள் தெருவில் நிற்பவர்கள். அதன் அதிர்ச்சியைத் தாங்குகிறவர்களோ உள்ளே உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள்.