பற்றைக் காணியும் பெண்ணின் பாதுகாப்பும்

யாழ்ப்பாண நகரின் ஒழுங்கைகளில் இருட்டிய பின் நடந்து பார்த்தவர்க்கு யாம் சொல்லப்போவது புதிதன்று. போர்க்காலத்தில் குடிபெயர்ந்தோர் விட்டுச்சென்ற வளவுகள் பல இன்றும் பற்றை மண்டிக் கிடக்கின்றன. கூரையற்ற சுவர்களின் மறைவிலே குடிகாரர் கூடுகின்றனர். மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும் மாணவி, அவ்விடம் கடக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிறாள். "இந்த நேரத்தில் ஏன் போனாய்?" என்று அவளைக் கேட்கும் சமுதாயம், காணிக்காரரை ஒரு கேள்வியும் கேட்பதில்லை!

இக்காணிகளை இளைஞர், யுவதியர் கையிற் கொடுத்துப் பயிரிடச் செய்க என்பதே எமது கோரிக்கை. இது வெறுங்கனவன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே 541 வெற்றுக் காணிகளைக் குலுக்கல் முறையிற் பிரித்து, ஒரு பகுதியில் குப்பை அகற்றிப் புல்லும் மரமும் நட்டுத் தாழ்ந்த வேலியும் இட்டனர். 2018இல் வெளியான முடிவின்படி, வறியோர் வாழும் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை ஏறக்குறைய 29 வீதம் குறைந்தது. வெளியே செல்லும் அச்சமும் அயலவரிடையே பெரிதும் தணிந்தது. அவ்வாய்வு பெண்கள்மீதான வன்முறையைத் தனியே அளந்ததன்று. ஆயினும் கவனிப்பாரற்ற நிலம் யாருக்கு வாய்ப்பளிக்கிறது என்பதை அது தெளிவாக்கிற்று.

காணிக்காரர் தயங்குவதேன்? பத்தாண்டுகள் எதிர் ஆட்சி செய்தவனுக்கு உரிமை சேரும் என்கிறது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம். "ஒருவரையும் உள்ளே விடாதேயுங்கோ" என்று கனடாவிலிருந்து மகன் சொல்லிவிடுகிறான். அச்சம் நியாயமானதே. ஆனால் உரிமையாளரின் அனுமதியின் பேரில் நுழைந்தவர் எதிர் ஆட்சி கோருதல் எளிதன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் எழுத்து அனுமதியை நொத்தாரிசு முன் முடித்துக்கொண்டால் உறுதிக்கு ஊறு நேராது.

ஒழுங்கை இவ்வாறு சீராகலாம். வீடு? இந்நாட்டில் 2019இல் நடந்த ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐவருள் ஒருவர் அத்துணைவராலேயே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். அதன் ஆயுள் ஆகக்கூடியது பன்னிரண்டு மாதம். கட்டளையைக் கையில் வாங்கியதும் பெண்கள் எம்மிடம் கேட்பது சட்டத்தைப் பற்றியன்று. "பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு என்ன செய்ய, ஐயா?" என்பதே. அடிக்கும் கையே சோறிடும் கையாகவும் இருக்கும்வரை வழக்குகள் பாதியிற் கைவிடப்படும்.

ஆகவேதான் தோட்டத்தின் கணக்கு யார் பெயரில் என்ற வினாவை முதலிலேயே எழுப்புகிறோம். மனைவி தன் சீதனக் காணியையும் கணவனின் எழுத்துச் சம்மதமின்றிக் கைமாற்றலாகாதென 1911இல் சட்டம் எழுதிக்கொண்ட ஊர் இது. நம் இளைஞர் கழகங்களும் அம்மரபினின்று அதிகம் விலகவில்லை: தலைவர், செயலாளர், பொருளாளர் யாவரும் ஆண்கள், தேநீர் ஊற்ற மட்டும் பெண்கள்! கத்தரியும் பயிற்றையும் அவள் பறிக்க, காசை அவன் எண்ணுவானாயின், பழைய வீட்டையே புதிய வேலிக்குள் கட்டியவராவோம். நிர்வாகத்திற் சரிபாதி பெண்களாக இருத்தல் வேண்டும். உழைத்தவளின் பங்கு அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே செல்லுதல் வேண்டும். இவை அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்படட்டும்.

மாநகர சபை உறுப்பினர் தத்தம் வட்டாரத்துப் பற்றைக் காணிகளின் பட்டியலை மாரிக்கு முன் வெளியிடுவாராக. பத்திரத்தின் வரைவைக் கட்டணமின்றி எழுதித்தர யாம் ஆயத்தம்.