பழைய பவர் டில்லரை எடைக்குப் போடலாமா? கொல்லிமலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள்!

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா போகிறவர்களுக்கு அது த்ரில்! ஆனால், ஓடாமல் நின்றுபோன ஒரு பவர் டில்லரை மினி லாரியில் ஏற்றி, அதே 70 வளைவுகளிலும் கீழே இறக்கி, பட்டறையில் காட்டிவிட்டு மறுபடி மேலே கொண்டுவர வேண்டிய விவசாயிக்கு?

போக்குவரத்துச் செலவு ஒருபக்கம். நாற்று வயசாகிக்கொண்டே போவது இன்னொரு பக்கம். இதனாலேயே மலையில் பல வீடுகளின் பின்புறம், தார்ப்பாய் போர்த்திய பழைய டில்லர்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ‘ரிங் போயிடுச்சுண்ணே, எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க’ என்று யாராவது சொன்னால், பலரும் அதை நம்பிவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த வண்டிக்கு இன்னும் உயிர் இருக்கலாம்!

பெரிய டிராக்டர் நுழையாத இடம்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொல்லிமலை. பள்ளத்தாக்கில் நெல், மேட்டில் சாமை, தினை, மரவள்ளி, அன்னாசி, மரங்களில் ஏறிய மிளகு என்று விதவிதமான வெள்ளாமை. வயல்களோ படிப்படியாக வெட்டிய சின்னச் சின்னத் துண்டுகள். நான்கு சக்கர டிராக்டர் உள்ளே போய்த் திரும்பவே இடம் இருக்காது. ஏர் மாடுகளும் முன்பு போல் இல்லை. அங்கேதான் கைப்பிடி பிடித்து நடந்தே ஓட்டுகிற பவர் டில்லர் கைகொடுக்கிறது.

அமெரிக்காவில் 1961-ல் வந்த ‘கப் கேடட்’ போன்ற தோட்ட டிராக்டர்களைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நம் ஊரில் அது பிழைப்பு. அங்கே வண்டி ஓடாவிட்டால் கண்காட்சிக்குப் போக முடியாது. இங்கே நடவே நின்றுவிடும்.

இது வந்த கதை

சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் யோசனை 100 வருடங்களுக்கும் மேல் பழையது. ஆஸ்திரேலியாவின் கில்கண்ட்ரா என்ற ஊரில், 1912-ல் கிளிஃப் ஹோவர்ட் என்ற இளைஞர் தன் அப்பாவின் பண்ணையில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஜப்பானின் சிறிய நெல் வயல்களில் இந்த உத்தி நன்றாக வேரூன்றியது.

இந்தியாவில் 1967-ல் பெங்களூருவில் ‘வி.எஸ்.டி. டில்லர்ஸ்’ நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்துத் தொடங்கப்பட்டது. 1973-ல் கேரள அரசின் ‘காம்கோ’ வந்தது. அதற்குக் கைகொடுத்தது ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பம். நம் வயல்களில் ஓடும் பழைய டில்லர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வம்சங்களில் ஒன்றைச் சேர்ந்தவைதான். இதில் ஒரு நல்லது உண்டு. அடிப்படை அமைப்பு அதிகம் மாறாததால், பழைய வண்டிக்கும் உதிரிபாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2020 ஜூலையில் பவர் டில்லர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. எனவே, பாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டே செலவில் இறங்குங்கள்.

பிரிக்கும் முன் போட்டோ எடுங்கள்!

நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன், கையில் இருக்கும் செல்போனை எடுங்கள். இன்ஜின் எண், மாடல் எண் பொறித்த தகட்டை முதலில் படம்பிடியுங்கள். கடையில் ‘அந்தப் பழைய மாடல்ணே’ என்று சொல்லி வாங்கினால் தப்பான பாகம்தான் வரும். அப்புறம், ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம். திரும்பப் பூட்டும்போது அதுதான் வழிகாட்டி.

நாளாகிக் கிடந்த இன்ஜின் சுற்றவே மறுக்கிறதா? சுத்தியலால் அடிக்காதீர்கள். நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள்கள் ஊறவிடுங்கள். பிறகு ஃப்ளைவீலை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். பல நேரம் இதிலேயே இளகிவிடும்.

சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லையா? ரிங்கைக் குறை சொல்லும் முன் மூன்றைப் பாருங்கள். டேங்கின் அடியில் தண்ணீர், அடைத்துப்போன டீசல் ஃபில்டர், குழாயில் நிற்கும் காற்று. டீசல் இன்ஜினுக்குக் குழாயில் காற்று இருந்தால் ஓடாது. ஃபில்டரை மாற்றி, காற்றை வெளியேற்றியதுமே ஓடிய வண்டிகள் ஏராளம்.

ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது ஒரு எச்சரிக்கை. கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். ஹேண்டில் திருப்பி அடித்தால், சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும்.

புகை சொல்லும் சேதி

ஓடத் தொடங்கியதும் புகையைக் கவனியுங்கள்.

நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். செலவு உள்ள வேலை.

வெள்ளைப் புகை: மலைக் குளிரில் காலையில் கொஞ்ச நேரம் வந்தால் பயமில்லை. சூடான பிறகும் நிற்காவிட்டால் நாசிலையும் ஹெட் கேஸ்கட்டையும் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை: காற்று போதவில்லை. ஆயில் ஊற்றும் வகை ஏர் கிளீனரைக் கழற்றி டீசலில் கழுவி, குறித்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றினாலே குறைந்துவிடும்.

இதில் மலைக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி சமவெளியைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. அதே வண்டி இங்கே கொஞ்சம் கூடுதலாகப் புகைக்கும், இழுவையும் சற்றுக் குறையும். ‘இழுக்கவில்லை’ என்று டீசல் பம்பைத் திருகிக் கூட்டினால், புகையும் டீசல் செலவும்தான் கூடும்.

சேறு புகுந்தால்...

நெல் வயலில் தொளி அடிக்கும் வண்டிக்கு முதல் எதிரி, ரோட்டரியின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல். அது கிழிந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடும். அளவுக் குச்சியில் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால், தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வடித்து, சீலை மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். சீல் மாற்றும் செலவுக்குத் தயங்கினால், பிறகு பேரிங், செயின் என்று பெரிய செலவு வைக்கும்.

கத்திகளில் இடப்பக்கம் வளைந்தது, வலப்பக்கம் வளைந்தது என்று இரண்டு உண்டு. வரிசை மாற்றிப் பூட்டினால் வண்டி உதறும், உழவும் மேடு பள்ளமாகும். வி-பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மொத்த செட்டையும் மாற்றுங்கள். பழைய பெல்ட்டுகள் நீண்டிருக்கும் என்பதால், தனியாகப் போட்ட புதியது மட்டும் பாரத்தைச் சுமந்து சீக்கிரம் போய்விடும்.

சரிவில் இடம் வலமாகும்!

புதுப்பித்த வண்டியை முதல்முறை ஓட்டுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

சமதளத்தில் இடப்பக்க ஸ்டீயரிங் கிளட்சைப் பிடித்தால் இடப்பக்கச் சக்கரத்துக்கு விசை நின்றுவிடும். வலச்சக்கரம் மட்டும் தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால், இறக்கத்தில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதே இன்ஜின்தான். அப்போது இடப்பக்கக் கிளட்சைப் பிடித்தால் இடச்சக்கரம் கட்டவிழ்ந்து உருளும், வலச்சக்கரம் இன்ஜின் பிடியில் இருக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும்!

சுமார் 400 கிலோ வண்டி, எதிர்ப்பக்கமாக, வரப்பின் ஓரத்தில் திரும்பினால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். எனவே, இறக்கத்தில் ஸ்டீயரிங் கிளட்சைத் தொடாமல், சின்ன கியரில், கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள். மெயின் கிளட்சையும் விடுவிக்காதீர்கள், இன்ஜின் பிடி போய்விடும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது ரோட்டரி கட்டாயம் நின்றிருக்க வேண்டும். கத்திக்குப் பின்னால் இருப்பது உங்கள் கால். இரண்டும் ஒன்றாக இயங்காதபடி பல வண்டிகளில் ஒரு பூட்டு அமைப்பு உண்டு. ‘இடைஞ்சலா இருக்கு’ என்று அதை யாராவது கழற்றியிருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன் அதைத் திரும்பப் பூட்டுங்கள். ரோட்டரி மூடியும் அப்படித்தான்.

எப்போது விடைகொடுப்பது?

இன்ஜின் பிளாக்கிலோ கியர்பாக்ஸ் உறையிலோ விரிசல் இருந்தால், அல்லது முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கவே இல்லை என்றால், அந்த வண்டியில் பணம் போடாதீர்கள். புதிது வாங்க மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பழங்குடியினர், பட்டியல் இனத்தவர், சிறு, குறு, பெண் விவசாயிகளுக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டு, 50 சதவீதம் வரை மானியம் உண்டு. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

மற்றபடி ரிங், லைனர், சீல், பெல்ட், கத்தி எல்லாமே மாற்றக்கூடியவைதான். புதுப்பித்த பிறகு அதைக் காப்பாற்றுவதும் எளிது. வேலை முடிந்த அன்றே சேற்றைக் கழுவுங்கள். நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள், உள்ளே ஈரம் சேராது. ஹேண்டிலைச் சுற்றி, கம்ப்ரஷனில் இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வால்வுகள் மூடியிருப்பதால் மலைப் பனி சிலிண்டருக்குள் இறங்காது.

பத்து நிமிட வேலைதான் இது. அடுத்த நடவுக்கு, 70 வளைவுகளை ஒருமுறை மிச்சப்படுத்தும்!

(அடுத்த வாரம்: மருந்து தெளிக்கும் ஸ்பிரேயர் அடைத்துக்கொண்டே இருக்கிறதா?)