மூன்றில் ஒரு பங்கு: நம் சகோதரிகள் எங்கே?

விக்கிரவாண்டி இடைத்தேர்தல் 2024 ஜூலை 10 அன்று நடந்து முடிந்தது. தி.மு.க. வென்றது, பா.ம.க. இரண்டாம் இடம் பிடித்தது. மூன்றாவதாக வந்த நாம் தமிழர் கட்சியின் வேட்பாளர் ஒரு பெண் மருத்துவர். அவர் பெற்றது சுமார் 10 ஆயிரம் வாக்குகள். அந்தக் கட்சியின் கொள்கைகளோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் 40 தொகுதிகளில் 20 பெண்களை அது நிறுத்தியது. சட்டம் கட்டாயப்படுத்தி அல்ல, தானாகவே செய்தது.

விழுப்புரம் மாவட்டத்தில் மொத்தம் ஏழு சட்டமன்றத் தொகுதிகள். செஞ்சி, மயிலம், திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர். 2021ல் இந்த ஏழிலும் ஆண்களே வென்றார்கள். இடைத்தேர்தலுக்குப் பிறகும் அதில் மாற்றமில்லை. விழுப்புரம் மக்களவைத் தொகுதி 2009ல் உருவானதிலிருந்து நான்கு தேர்தல்களைக் கண்டுவிட்டது. நான்கிலும் ஆண்களே.

அதே ஊரில் நகராட்சிக்குப் போய்ப் பாருங்கள். விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலும் 2022 முதல் தலைவர் நாற்காலியில் பெண்களே அமர்ந்திருக்கிறார்கள். ஊர் ஒன்றுதான், வாக்காளர்களும் அவர்கள்தாம். உள்ளாட்சியில் 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, சட்டமன்றத்தில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டம் வந்தது, இடம் வரவில்லை

மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா முதன்முதலில் 1996ல் தேவகவுடா ஆட்சியில் தாக்கலானது. 2010ல் மாநிலங்களவையைத் தாண்டியது, மக்களவையில் முடங்கியது. கடைசியாக 2023 செப்டம்பரில் 106வது அரசியல் சட்டத் திருத்தமாக நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. எதிர்த்த இருவரும் மஜ்லிஸ் கட்சியின் உவைசியும் இம்தியாஸ் ஜலீலும். பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு இல்லை என்பது அவர்களின் வாதம்.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்கிறது சட்டம். பட்டியலின, பழங்குடியினத் தனித் தொகுதிகளிலும் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சமூகப் பெண்களுக்கே. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், அதையொட்டிய தொகுதி மறுசீரமைப்பும் முடிந்த பிறகுதான் இது நடைமுறைக்கு வரும். 2021ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்போ பல ஆண்டுகள் தள்ளிப் போனது.

பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் பெண்களுக்கென இடங்களை ஒதுக்கி, கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் முறை உண்டு. அப்படி வரும் பெண் உறுப்பினர் கட்சித் தலைமையையே நம்பியிருக்க வேண்டியதாகிறது. நம் நாட்டுச் சட்டத்தின் கீழ் பெண்கள் மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்டு வெல்ல வேண்டும். இது நல்ல அம்சம். ஆனால் நம் சகோதரிகளுக்குச் சவாலும் இதுதான்.

உள்ஒதுக்கீடு கேட்கும் நாம்

2024 மக்களவையில் 543 பேரில் பெண்கள் 74 பேர். அவர்களில் முஸ்லிம் பெண்கள் இருவர்: கைரானாவின் இக்ரா ஹசன், உலுபேரியாவின் சஜ்தா அஹ்மத். தமிழகத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெண்கூட மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை.

உள்ஒதுக்கீடு இல்லாதது அநீதிதான். அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் கேட்பதற்கு முன் நம் வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் முஸ்லிம் லீக்குக்கு மூன்று, மனிதநேய மக்கள் கட்சிக்கு இரண்டு தொகுதிகள் கிடைத்தன. ஐந்திலும் ஆண்களே நின்றார்கள். கேரளத்தில் முஸ்லிம் லீக் 1996ல் ஒரு பெண்ணை நிறுத்தியது. அடுத்த பெண் வேட்பாளரைப் பார்க்க 2021 வரை, 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இருவரும் தோற்றார்கள்.

'முஸ்லிம் பெண் நின்றால் யார் ஓட்டுப் போடுவார்கள்?' என்பார்கள். முஸ்லிம்கள் சிறுபான்மையாக இருக்கும் செஞ்சியில் 2016லும் 2021லும் மஸ்தான் வென்றார். வாணியம்பாடியில் 2016ல் நிலோபர் கபில் வென்று அமைச்சரும் ஆனார். மக்கள் போடத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நாட்டின் தலைமைப் பொறுப்பைப் பெண் ஏற்பது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் சட்டமன்ற உறுப்பினர் பதவி ஆட்சித் தலைமை அல்ல. அது மக்களின் வக்காலத்து, மஷூரா சபையில் ஓர் இடம்.

ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். உடன்படிக்கை முடிந்து, பலியிட்டுத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, மனம் உடைந்திருந்த தோழர்கள் எவரும் எழவில்லை. கூடாரத்துக்குள் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஆலோசனை சொன்னார்கள்: யாரிடமும் பேசாமல் தாங்களே முதலில் செய்யுங்கள் என்று. அவ்வாறே நபியவர்கள் செய்ததும் அத்தனை பேரும் எழுந்தார்கள். ஒரு சமுதாயத்தின் நெருக்கடியான நாளில் ஒரு பெண்ணின் யோசனை வழி திறந்தது. நம் ஜமாஅத் கூட்டங்களில் அந்த யோசனை நுழைய வாசல் இருக்கிறதா?

தலைவரின் கணவர்

இடஒதுக்கீடு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. 'தலைவரைப் பார்க்க வேண்டும்' என்று போனால் கணவர் வெளியே வந்து, 'என்ன விஷயம், என்கிட்டயே சொல்லுங்க' என்கிற ஊராட்சிகள் எத்தனை! வார்டு 'பொது - பெண்கள்' என்று அறிவிக்கப்பட்டதும் கட்சிக்காரர் தம் மனைவியை நிறுத்துவார். பொது வார்டாக மாறியதும் அவர் திரும்ப அடுப்படிக்கு.

ஆனாலும் மாற்றம் நடக்கிறது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண் தலைவர்களைக் கொண்ட பஞ்சாயத்துகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ. அங்கே குடிநீருக்குக் கூடுதல் கவனம் கிடைத்ததாக அந்த ஆய்வு காட்டியது. தண்ணீர்க் குடத்தைச் சுமப்பவருக்குத்தான் குழாய் வராத வலி தெரியும்.

இன்றே தொடங்கலாம்

சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் கட்சிகள் பெண் வேட்பாளர்களைத் தேடி அலையும். அன்று நம்மிடம் தயாரான சகோதரிகள் இல்லையென்றால் பழியை யார் மீது போடுவது?

18 வயதான நம் பெண் பிள்ளைகளின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் பார்க்கட்டும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்கு அவர்களை அனுப்புவோம். பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் மருமகள் ஒரு மனு எழுதட்டும், வார்டுக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்கட்டும். கூட்டம் முடிந்து வரும்வரை பிள்ளையை வாப்பா பார்த்துக்கொள்ளட்டும். நம் கட்சிகள் அடுத்த தொகுதிப் பங்கீட்டில் ஓர் இடத்தையாவது, அதுவும் வெல்லக்கூடிய இடத்தை, ஒரு சகோதரிக்குத் தரட்டும்.

உரிமையைக் கேட்கும் நாவையும், உரிமையைக் கொடுக்கும் மனதையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.