மட்டையாளரின் மனதில் ஓடும் பந்து

2008 ஜூலை 6, கராச்சியில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி. இலக்கு 274 ரன். வீரேந்திர சேவாக் 36 பந்தில் 60 ரன் விளாசி இந்தியாவுக்கு நம்பிக்கை கொடுத்திருந்தார். அப்போது பந்தை வாங்கினார் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ். அவரது முதல் ஓவரிலேயே சேவாக் ஸ்டம்பிங், யுவராஜ் சிங் போல்டு. 8 ஓவரில் 13 ரன் மட்டும் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இந்தியா 173 ரன்னில் சுருண்டது.

மெண்டிஸின் பந்தில் மிரட்டும் வேகம் எதுவும் இல்லை. கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையே பந்தை வைத்து, கேரம் காயைச் சுண்டுவதுபோலச் சுண்டிவிட்டார், அவ்வளவுதான். சுழற்பந்து வீச்சாளரின் மணிக்கட்டைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பவர்கள் இந்திய மட்டையாளர்கள். உலகிலேயே சுழற்பந்தை நன்றாக ஆடுகிறவர்கள் என்று பேரெடுத்தவர்களுக்கு அன்று அந்தக் கையில் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணும் கையும் நேற்றுபோலவேதான் இருந்தன. அந்தப் பந்தின் வரைபடம்தான் மனதில் இல்லை.

நல்ல மட்டையாளருக்குப் பார்வை கூர்மை, உடல் மின்னல் வேகம் என்றுதான் மைதானங்களில் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. 1987-இல் பீட்டர் மெக்லியோட் என்ற ஆய்வாளர், ஆடுகள விரிப்புக்கு அடியில் மரச்சட்டங்களைப் பதித்து, குத்திய பந்து எதிர்பாராமல் திசை மாறும்படி செய்தார். சர்வதேச வீரர்கள்கூடச் சுமார் 0.2 நொடிக்குள் மட்டையின் போக்கை மாற்ற முடியாமல் திணறினார்கள். அந்த வகையில் அவர்களும் சாதாரண மனிதர்கள்தான்.

பிறகு எப்படி அடிக்கிறார்கள்? மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்குள் மட்டையாளரை எட்டிவிடும். 2000-இல் மைக்கேல் லேண்டும் மெக்லியோடும் மட்டையாளர்களின் தலையில் கேமரா பொருத்திப் பார்த்தார்கள். பந்து கிளம்பும் கணத்தைக் கண் கவனிக்கிறது. அடுத்து, பந்து குத்தப்போகும் இடத்துக்கு அது தாவிவிடுகிறது. பந்துக்கு முன்பே கண் அங்கே போய்க் காத்திருக்கிறது! திறமையானவருக்கு இந்தத் தாவல் சீக்கிரமே நடக்கிறது. இன்னும் வராத பந்தின் பாதையை மனம் முன்கூட்டியே வரைந்துகொள்ளாவிட்டால் இது நடக்காது.

அந்த வரைபடம் ஓர் ஆட்டத்துக்கானது. பக்கத்து ஆட்டத்துக்குக்கூட உதவாது. 2004-இல் அமெரிக்காவின் சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபிஞ்ச், சுமார் 13 மீட்டர் தூரத்திலிருந்து கையைக் கீழிருந்து சுழற்றி வீசிய பந்தில், பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸ் ஆட்டமிழந்தார். பேஸ்பாலைவிடப் பெரிய பந்துதான் அது. ஆனால் அவர் பல ஆண்டுகளாகப் படித்துவைத்திருந்த தோள், முழங்கை அசைவுகள் அந்த வீச்சில் இல்லை.

நம் பயிற்சிக்கூடங்களுக்கு இதில் உடனடியாகக் கவனிக்க வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. வசதியுள்ள அகாடமிகளில் பந்துவீசும் இயந்திரத்தின் முன் பிள்ளைகளை நிறுத்திவைக்கிறார்கள். பெற்றோருக்கும் அது பெருமையாக இருக்கிறது. இயந்திரத்துக்கு ஓட்டமும் இல்லை, தோளும் மணிக்கட்டும் இல்லை. வீச்சாளரின் கையைப் படிக்கும் பாடத்தையே அது அழித்துவிடுகிறது. வீச்சாளரை ஆடும்போதும் இயந்திரத்தை ஆடும்போதும் இளம் மட்டையாளர்களின் அசைவும் நேரக்கணக்கும் மாறுகின்றன என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஷாட்டைச் செதுக்க இயந்திரம் உதவலாம். முழுப் பயிற்சியையும் அதனிடம் ஒப்படைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து, இடக்கை, வலக்கை, எறிவது, சுண்டுவது என எல்லாம் கலந்து வரும் தெரு கிரிக்கெட்டை இந்தக் கோணத்தில் மதிக்க வேண்டும். மெண்டிஸ் சுண்டிய அதே ரகப் பந்தைச் சென்னைத் தெருக்களில் ‘சொடுக்கு பால்’ என்பார்கள். இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வின் அதைத் தெருவில்தான் முதலில் சந்தித்தார்.

பழகினால் வரைபடம் உருவாகும் என்பதற்குச் சேவாக்கே சாட்சி. கராச்சிக்குப் பின் ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலி டெஸ்டில் அதே மெண்டிஸ் வீச, இந்தியா எடுத்த 329-இல் 201 ரன் ஆட்டமிழக்காத சேவாக்குடையது.

பல ரக வீச்சாளர்கள் கிடைக்காத சிற்றூர்ப் பள்ளிகளுக்கும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கும், ஒரு செல்போன் போதும். வீச்சாளரை எதிரிலிருந்து படமெடுத்து, பந்து கையை விட்டு விலகும் கணத்தில் நிறுத்தி, எங்கே குத்தும், எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்க வேண்டும். பிறகு மீதியை ஓடவிட வேண்டும். மட்டையாளர்களின் கணிப்புத்திறனை ஆய்வாளர்கள் அளப்பதும் இப்படித்தான். உடற்கல்வி ஆசிரியர்கள் மழைநாளில் வகுப்பறையிலேயே இதை நடத்தலாம்.