கூரைக்குக் காசு இருக்கு, கழிவறைக்கு?

கொஞ்சம் நீளமான திரெட். வீட்ல வயசானவங்க இருந்தா முழுசா படிங்க.

போன மாசம் ஒரு பாட்டி வந்தாங்க. எழுபதைத் தாண்டினவங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக எழுந்து, வாசப்படி தாண்டும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. "விழல சார், கால் வழுக்கிடுச்சு"ன்னாங்க. எல்லாப் பாட்டிகளும் இதையேதான் சொல்வாங்க!

பழைய தொகுப்பு வீடு. கழிவறை வெளியில. போற வழியில லைட் கிடையாது, பிடிச்சுக்க ஒரு கம்பி கிடையாது. பிரஷருக்கு நீர் மாத்திரை வேற. அப்ப ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பாங்கன்னு யோசிங்க.

இது சின்ன விஷயம் இல்லீங்க. இடுப்பு முறிஞ்ச முதியவர்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள இறந்துடறாங்க. முறிவை விட, படுக்கையில விழுந்த பிறகு வர்ற நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் கால்ல ரத்தம் கட்டுறதும்தான் பெரிய ஆபத்து.

ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல நடந்துச்சு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் அரசு குடுக்குது. நல்ல திட்டம், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. மூட்டுப் பந்தை மாத்தி, வீட்டுக்கு அனுப்பும்போது வழக்கம்போல எழுதிக் குடுத்தோம்: தரையில உட்காரக் கூடாது, இந்தியன் டாய்லெட் கூடவே கூடாது.

மகன் சீட்டைப் பார்த்துட்டுச் சொன்னார்: "எங்க வீட்ல அது மட்டும்தான் சார் இருக்கு."

எனக்குப் பதில் வரல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2000-01க்கு முன்னாடி அரசுத் திட்டங்கள்ல கட்டின ஊரக வீடுகளைப் பழுது பார்க்க 2024-ல தமிழக அரசு ஒரு திட்டம் அறிவிச்சுது. 2.5 லட்சம் வீடுகள், 2,000 கோடி ரூபாய். கான்கிரீட் பேந்து கம்பி தெரியுற கூரைக்குக் கீழ தூங்குறவங்களுக்கு இது உயிர்காக்கும் பணம். கூரைக்குத்தான் முதலிடம், ஒத்துக்கறேன்.

ஆனா கூரை பார்க்க வர்ற இன்ஜினியர், வந்ததே வந்தார், கழிவறையையும் ஒரு எட்டு எட்டிப் பார்த்தா என்ன? சுவத்துல ரெண்டு பிடிகம்பி, வழுக்காத தரை, படிக்குப் பதிலா ஒரு சின்ன சரிவு, ஒரு பல்பு. கொத்தனார் கூலியோட சேர்த்தாலும் ஆபரேஷன் செலவுல ஒரு துளி. மாசம் 1,200 ரூபாய் முதியோர் பென்ஷன்ல வாழுறவங்களால அதைத் தானா பண்ணிக்க முடியாது.

இது என் கற்பனை இல்ல. சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012-லேர்ந்து இதைச் செய்யுது. 65 வயசான குடிமக்கள் இருக்குற வீவக வீடுகள்ல பிடிகம்பி, சரிவுப் பாதை, வழுக்காத தரை. சின்ன வீடுன்னா செலவுல 95 சதவீதம் வரைக்கும் அரசே ஏத்துக்குது. "அது பணக்கார நாடு டாக்டர்"னு கமெண்ட் வரும். சரி, விழுந்த பிறகு லட்சக்கணக்குல குடுக்க நம்மகிட்ட பணம் இருக்கே?

உங்க ஊர்ல பழுதுபார்ப்புக் கணக்கெடுப்பு வந்தா, கிராம சபையில கழிவறையையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கேளுங்க. பட்டா இறந்துபோன தாத்தா பேர்லயே இருந்தா அதை இப்பவே மாத்தி வைங்க, கடைசி நேரத்துல அதுலதான் மாட்டுவாங்க.

அந்தப் பாட்டிக்கு மகன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில நடுவுல ஓட்டை வெட்டி வெச்சிருக்கார். நாலு காலும் ஈரத் தரையிலதான் நிக்குது.