வண்டி மாறினால்...

புதுக்கோட்டைச் சீமையில் கோயில் திருவிழா என்றால், பல ஊர்களில் மாட்டு வண்டிப் பந்தயம் இருந்தால்தான் விழா களைகட்டும். அறந்தாங்கிப் பக்கமும் திருமயம் பக்கமும் போய் வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள். தார் ரோட்டின் இரு பக்கமும் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். ‘பெரிய மாடு’ என்று ஒரு பிரிவு, ‘சிறிய மாடு’ என்று ஒரு பிரிவு, ‘கரிச்சான் மாடு’ என்று இன்னொரு பிரிவு. கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும், தூரத்தை இன்னும் “போய் வர எட்டு மைல்” என்றுதான் சொல்கிறார்கள். வண்டியில் ஒரு சாரதி இருப்பார். தரையில் கூடவே ஓடி வந்து மாட்டை முடுக்குகிறவர் துணைச் சாரதி.

வேடிக்கை பார்க்கிற நமக்கு, “கயிற்றைப் பிடிப்பதில் என்ன வித்தியாசம்? பெரிய மாடானால் என்ன, சிறிய மாடானால் என்ன?” என்று தோன்றும். மாட்டுக்கு மாடு கை மாறவேண்டும் என்பது கயிற்றைப் பிடித்தவருக்குத்தான் தெரியும்.

மோட்டார் பந்தயத்திலும் இதே கதைதான். அதைத் தம் அநுபவத்தில் கண்டவர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன்தான் அவர்.

நரேன் பிறந்தது 1977-ஆம் வருஷம் பொங்கல் சமயத்தில், ஜனவரி 14-ஆம் தேதி. தகப்பனார் ஜி. ஆர். கார்த்திகேயன் மோட்டார் ராலிகளில் பெயர் பெற்றவர். ஆகவே பிள்ளைக்கு வேகம் பிறவிச் சொத்து. 2005-ஆம் ஆண்டு ஜோர்டான் குழுவின் காரில் உட்கார்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அந்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த பந்தயத்தில் நாலாவது இடம்! அன்று டயர் தகராறு காரணமாக 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள்தான் ஓடின என்பது வாஸ்தவம். ஆனாலும் கடைசி வரை ஓட்டி முடித்தவருக்குத்தானே புள்ளி? ஐந்து புள்ளிகள் கிடைத்தன.

அதற்குப் பிறகு அவருக்குப் பந்தயத்தில் இடம் கிடைக்கவில்லை. இந்தத் தொழிலில் திறமை மட்டும் இருந்தால் போதாது. பணம் கொடுத்து ஆதரிக்கும் கம்பெனிகளும் பக்கத்தில் நிற்கவேண்டும். 2006-லும் 2007-லும் வில்லியம்ஸ் குழுவில் சோதனை ஓட்டுநராக இருந்தார். கல்யாண வீட்டில் சமையலை ருசி பார்த்துச் சொல்கிறவருக்குப் பந்தியில் இலை போடாவிட்டால் எப்படி இருக்கும்? சோதனை ஓட்டுநரின் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

2010-ஆம் வருஷம் நரேன் ஒரு காரியம் செய்தார். அமெரிக்காவுக்குப் போய் ‘நாஸ்கார்’ நடத்தும் ட்ரக் பந்தயத்தில் சேர்ந்தார். ஆமாம், ட்ரக்தான்! சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் பின்பக்கம் திறந்த வண்டி இருக்கிறதல்லவா, அந்த உருவத்தில் அமைந்த பந்தய வண்டி. உலகத்தின் மிக நாஸூக்கான காரை ஓட்டியவர் காய்கறி வண்டிக்கு வந்துவிட்டாரே என்று பரிதாபப்பட்டவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு.

சிரிப்பதற்கு முன்னால் இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பார்முலா ஒன் காருக்குக் கூரை கிடையாது. நாலு சக்கரங்களும் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். 2005-இல் ஓட்டுநரையும் சேர்த்து 605 கிலோ எடை இருந்தால் போதும். கியர் மாற்ற ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னால் விரலால் ஒரு தட்டு. இறக்கைகள் காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்துவதால், வளைவிலும் வேகம் குறையாமல் திரும்பும். பக்கத்துக் காரின் சக்கரத்தோடு சக்கரம் உரசினால் ஆபத்து.

ஸ்டாக் கார் இனத்தைச் சேர்ந்த வண்டிக்குக் கூரை உண்டு. சக்கரங்கள் உடலுக்குள் மறைந்திருக்கும். எடை சுமார் ஒன்றரை டன். கியருக்கு, நம் பழைய அம்பாஸிடர் காலத்து ஞாபகம் வருகிறபடி, கையால் தள்ளும் கம்பிதான். பிரேக்கை மிதித்தால் உடனே நிற்காது. யானையை நிறுத்துவது போலச் சொல்லிச் சொல்லி நிறுத்தவேண்டும். இங்கே உரசுவது குற்றமல்ல. முன்னால் போகிற வண்டியின் பின்புறத்தில் இலேசாக ஓர் இடி கொடுத்து வழி வாங்குவதும் வித்தையில் சேர்ந்தது.

இதில் ஒரு விசேஷம். ஓட்டுநரால் பக்கத்தில் வருகிற வண்டிகளைச் சரியாகப் பார்க்க முடியாது. ஆகவே மைதானத்தின் உச்சியில் ஒருவர் நின்றுகொண்டு, “இடது பக்கம் ஒருவர் வருகிறார்... தாண்டிவிட்டார்... இப்போது திரும்பலாம்” என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். புதுக்கோட்டைப் பந்தயத்துத் துணைச் சாரதியின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் கண்ணையே நம்பிப் பழகிய ஒருவர், இன்னொருவர் கண்ணை நம்பி மணிக்கு நூறு மைலுக்கு மேல் போகக் கற்றுக்கொள்ளவேண்டும். சுலபமா?

புக்ககம் வந்த மருமகளுக்கு இது நன்றாகப் புரியும். பிறந்த வீட்டில் அவள் வைத்த ரசத்தை ஊரே புகழ்ந்திருக்கலாம். இங்கே அடுப்பு வேறு, பாத்திரம் வேறு, புளியின் புளிப்பு வேறு. கை அதே கைதான். ஆனாலும் முதல் வாரம் ரசம் ஏதோ மாதிரிதான் இருக்கும்.

ஸ்டாக் கார் பந்தயத்தின் பூர்வோத்தரமும் ரஸமானது. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்திலும் அதற்குப் பின்னாலும், கள்ளச் சாராயம் கடத்தியவர்கள் போலீஸுக்குத் தப்புவதற்காகச் சாதாரணக் கார்களின் எஞ்சினை முடுக்கிவிட்டு ஓட்டினார்கள். பிறகு “யார் கார் வேகம்?” என்று தங்களுக்குள் போட்டி போட்டார்கள். இப்படித் தாறுமாறாக நடந்த பந்தயங்களுக்குச் சட்டதிட்டம் வகுத்து, பில் பிரான்ஸ் என்பவர் 1948 பிப்ரவரியில் நாஸ்கார் ஸ்தாபனத்தை முறைப்படி பதிவு செய்தார். அடுத்த சில தினங்களில், மார்ச் 3-ஆம் தேதி, நம் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. அங்கே சிதறிக் கிடந்த பந்தயங்கள் ஒரு குடைக்கீழ் வந்த சமயத்தில், இங்கே சமஸ்தானங்கள் ஒரு குடைக்கீழ் வந்துகொண்டிருந்தன!

நரேனின் முதல் ட்ரக் பந்தயம் 2010 மார்ச் மாதம், வர்ஜீனியா மாகாணத்து மார்ட்டின்ஸ்வில் மைதானத்தில் நடந்தது. ஒரு சுற்று அரை மைலுக்குச் சற்றே அதிகம். அப்படி 250 சுற்றுகள். காகிதம் கோக்கும் கிளிப்பைப் போன்ற பாதை. இரண்டு நீண்ட கோடுகள், இரண்டு குறுகிய வளைவுகள், எல்லாம் இடது பக்கமே. மாவு அரைக்கிற கல்லைப் போல ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இங்கே ஜெயிக்கிறவருக்கு ஆளுயரக் கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது பல வருஷத்து வழக்கம்.

கடிகாரம் நரேனுக்குக் கிடைக்கவில்லை. பதின்மூன்றாவதாக வந்தார். ஆனால் நாஸ்கார் பந்தயம் ஒன்றில் ஓட்டிய, இந்தியாவில் பிறந்த முதல் மனிதர் அவர்தான். அந்த வருஷக் கடைசியில், ட்ரக் பந்தயத்தில் ரசிகர்களின் அபிமானம் பெற்ற ஓட்டுநர் யார் என்று வாக்கெடுத்தபோது முதலிடமும் அவருக்கே! நம்மவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கேட்கவா வேண்டும்?

வண்டி மாறியவர்கள் எல்லோருமே பதின்மூன்றாம் இடத்தோடு நின்றார்களா? இல்லை. மாரியோ ஆண்ட்ரெட்டி 1967-இல் டேடோனா 500 என்ற பெரிய ஸ்டாக் கார் பந்தயத்தில் ஜெயித்தார். 1969-இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்திலும் ஜெயித்து, 1978-இல் பார்முலா ஒன் உலகச் சாம்பியனும் ஆனார். மூன்றையும் வென்றவர் அவர் ஒருவரே. கொலம்பியா தேசத்து ஹுவான் பாப்லோ மொண்டோயாவோ, பார்முலா ஒன்னில் ஏழு வெற்றி கண்டவர். 2006-இல் அதை விட்டு நாஸ்காருக்கு வந்தார். நாஸ்காரின் முதல் வரிசைப் பந்தயத்தில் அவருக்குக் கிடைத்த வெற்றி இரண்டுதான். இரண்டும், இடமும் வலமுமாக வளைந்து செல்லும் பாதைகளில் கிடைத்தவை. வட்டப் பாதை அவருக்கு வசப்படவே இல்லை.

சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் டானிகா பாட்ரிக். 2008-இல் ஜப்பானில், திறந்த சக்கரக் கார்களின் இண்டிகார் பந்தயம் ஒன்றில் வென்றார். அப்படி வென்ற முதல் பெண்மணி அவர்தான். பிறகு ஸ்டாக் காருக்கு மாறினார். 2013 டேடோனா 500 பந்தயத்தில் எல்லோரையும் விட வேகமாகத் தகுதிச் சுற்றை ஓட்டி முதல் வரிசையில் முதலாவதாக நின்றார். பந்தயத்தில் எட்டாவதாக வந்தார். ஆனால் முதல் வரிசைப் பந்தயங்கள் 191-இல் ஓட்டியும் ஒன்றில்கூட வெற்றி கிட்டவில்லை. “பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை?” என்று சொன்னவர்களுக்கு அது நல்ல சாக்காகிவிட்டது. மொண்டோயா வட்டப் பாதையில் ஜெயிக்காதபோது, “ஆணுக்கு எதற்கு இந்த வேலை?” என்று யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை!

நம் புதுக்கோட்டைக்கே திரும்பி வருவோம். லய வித்தையில் பெயர் விளங்கிய ஊர் இது. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் மேதையாக விளங்கினார். மிருதங்கத்துக்கு இரண்டு கை வேண்டும். கஞ்சிராவை ஒரு கையில் பிடித்து மறு கையால் வாசிக்கவேண்டும். கணக்கு மனசில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் விரலுக்கு அதைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத்தானே வேண்டும்? மேதையாக இருந்தாலும் விரல் மாணவன்தான்.

நரேன் ட்ரக்கோடு நின்றுவிடவில்லை. 2011-இல் மறுபடி பார்முலா ஒன்னுக்கு வந்தார். அந்த வருஷம் அக்டோபரில் டில்லிக்கு அருகே இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, சொந்த மண்ணில் ஓட்டினார். 2014 முதல் ஐந்து வருஷம் ஜப்பானில் திறந்த சக்கரக் கார். 2019-இல், நாற்பத்திரண்டாவது வயதில், அதற்கு விடை கொடுத்துவிட்டு மறுபடி கூரை போட்ட காருக்கு மாறினார். அந்த நவம்பரில், ஜப்பானியக் கார்களும் ஜெர்மானியக் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில், பூஜி மைதானத்தில் முதலாவதாக வந்தார்!

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காய்கறி வண்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்று என்ன சொன்னார்களோ தெரியாது.

பெயர் எடுத்த பிறகு மறுபடி மாணவனாக உட்காருவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். மணிக்கு நூற்றைம்பது மைல் வேகத்தில் போகிற துணிச்சலை விட அது பெரிது. ஏனென்றால் வேகத்தில் போகும்போது யாரும் சிரிப்பதில்லை.

நாற்பது வயதில் ஸ்கூட்டர் பழகப் போகிற சகோதரிகளுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். “இந்த வயசில் எதற்கு?” என்று வாசலில் யாராவது கேட்டால், கோயமுத்தூர்க்காரர் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கேட்டவர் பதில் யோசிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுங்கள்!